மாவடைத்த கோபம்

இனி இந்த வீட்டில் குரலை உயர்த்துவதில்லை என்று சபதம் எடுத்தேன். காரணம் அகிம்சை அல்ல, அனுபவம். நான் கத்துவேன். கொஞ்ச நேரத்தில் குற்ற உணர்வு வரும். மன்னிப்புக் கேட்பேன். வெறும் மன்னிப்பை என் மனைவி வாங்கிக்கொள்ள மாட்டாள். கூடவே எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டும். பால்கனி இப்படித்தான் அவளுடைய வாஷிங் மெஷினுக்குப் போனது. கூடத்து அலமாரியிலிருந்து என் அகராதிகள் இறங்க, கண்ணாடிக் குவளைகள் ஏறின. மன்னர்கள் போரில் தோற்று நாட்டை இழப்பார்கள். நான் போரில் ஜெயித்துச் சமாதானத்தில் இழந்தவன்.

மிச்சமிருப்பது பின்னறை ஒன்றுதான். ஒரு மேசை, ஒரு விளக்கு, முக்கியமாக ஒரு கதவு. நான் பதிப்பகங்களுக்குப் பிழை திருத்துகிறவன். அடுத்தவர் எழுத்தில் ஒற்றுப்பிழை தேட அமைதி வேண்டும். (அவள் பேச்சில் மட்டும் ஒரு கமாவைக்கூட என்னால் நுழைக்க முடிந்ததில்லை.) அந்த அறையின் மேலும் கண் விழுந்துவிட்டது. அவளுடைய தம்பி, கூட்டங்களுக்கும் கல்யாணங்களுக்கும் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவன். போன வருஷமே கடையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்களாம். பெட்டிகளை வைக்க இடமில்லையாம். “பாவம்” என்று சொல்லும்போதே அவள் பார்வை என் அறையின் நீள அகலத்தை அளந்தது.

கத்தினால் அறை போய்விடும். கத்தாமலிருக்க வழி, நான் திருத்திய ஒரு மகளிர் இதழில் கிடைத்தது. பலூனுக்குள் மாவை அடைத்து முடிச்சுப் போடவேண்டும். கோபம் வரும்போது அந்த உருண்டையைப் பிசைந்தால் கோபம் கைவழியே இறங்கிவிடும். கட்டுரை முழுக்கப் பிழை. யோசனையில் பிழையில்லை என்று நம்பினேன்.

அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பணிக்குப் போன நேரம் பார்த்துச் சமையலறைக்குள் புகுந்தேன். பலூனின் வாயை விரித்துக் கரண்டியால் மாவைத் திணித்தேன். பலூன் அதைத் தும்மலாகத் திருப்பித் தந்தது. வெள்ளை முகத்துடன் நிற்கையில் அவள் வந்துவிட்டாள். விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பாள் என்று காத்திருந்தேன். அவள் கைப்பையை மெதுவாகக் கீழே வைத்தாள்.

“அப்ப இனிமே கத்தவே மாட்டீங்களா?”

“மாட்டேன்.”

“யாரையும்?”

“யாரையும்.”

“தள்ளுங்க, அப்படி இல்ல அது.”

பிளாஸ்டிக் பாட்டிலின் கழுத்தை வெட்டிப் புனலாக்கினாள். பென்சிலால் குத்திக் குத்தி மாவை இறக்கினாள். கட்டுப் போடுகிற கை. முடிச்சு அழகாக விழுந்தது. அதற்கு மேலே இன்னொரு பலூனையும் மாட்டிவிட்டாள். “உங்க கோபத்துக்கு ஒண்ணு தாங்காது” என்றாள். கல்யாணமான நாள் முதலாக என் யோசனை ஒன்றுக்கு அவள் ஒத்தாசை செய்தது அன்றுதான். அதை அன்பு என்று வாசித்தேன்.

அதன்பிறகு தொடங்கியது சோதனை. புரூஃப் தாள்களின் மேல் சூடான பாத்திரத்தை இறக்கினாள். அமுக்கினேன். வாஷிங் மெஷின் ஆடாமலிருக்க என் அகராதியின் இரண்டாம் பாகத்தை அடியில் முட்டுக் கொடுத்துவிட்டு, இப்பதான் அது உபயோகப்படுது என்றாள். அமுக்கினேன். விரல்களுக்கிடையே உருண்டை பிதுங்கியது. என் வாயிலிருந்து ஒரு சொல்கூடப் பிதுங்கவில்லை. காய்ச்சல் இறங்குகிறதா என்று தெர்மாமீட்டரைப் பார்க்கும் முகத்தோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நிஜமாவே கோபம் வரலையா?”

“நான் மாறிட்டேன்.”

“ரொம்ப நல்லதுங்க” என்று போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். நான் ஜெயித்த மிதப்பில் பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். கடைசித் தடவையாக.

ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் வேன் நின்றது. என் உயரத்துக்குக் கருப்புப் பெட்டிகள் ஒவ்வொன்றாகப் பின்னறைக்குப் போயின. என் மேசை அடியடியாகக் கூடத்துக்கு வந்தது. உருண்டையைப் பிசைந்தபடி, தாழ்ந்த குரலில், இலக்கணச் சுத்தமான வாக்கியங்களில் என் ஆட்சேபத்தைத் தெரிவித்தேன். “கொஞ்சம் தள்ளி நில்லுங்க மாமா” என்றான் மைத்துனன், அதே இதத்தோடு.

சமையலறையில் அவளை மடக்கினேன். கடை போய் எத்தனை நாளாச்சு, இப்ப மட்டும் எப்படி வந்தான் என்று கேட்டேன். அவள் காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

“நான் ஒரு வருஷமா கூப்பிட்டுக்கிட்டுதான் இருக்கேன். மாமா கத்துவாரு, வரமாட்டேன்னு ஒரே பிடிவாதம். இப்பதான் சொன்னேன், பயப்படாதடா, பாம்பு தன் பல்லைத் தானே புடுங்கிக்கிச்சுன்னு.”

ஒலிபெருக்கியை வைத்துப் பிழைக்கிறவன் என் ஒற்றைத் தொண்டைக்குப் பயந்திருக்கிறான். அந்தக் கத்தல்தான் அறைக்கு இத்தனை நாள் பூட்டு. இந்த வீட்டில் என்னிடமிருந்த ஒரே சொத்தும் அதுதான்.

உருண்டையைக் குப்பைக்கூடையில் போட்டேன். கூடத்தின் நடுவில் நின்று, மூச்சை இழுத்து, அடிவயிற்றிலிருந்து ஒரு கத்துக் கத்தினேன். உள்ளே ஒலிபெருக்கியைச் சோதித்துக்கொண்டிருந்த மைத்துனன் கதவிடுக்கில் தலையை நீட்டினான்.

“அக்கா, மாமா ஏதோ சொல்ற மாதிரி இருக்கே?”

“ஒண்ணுமில்லடா. நீ சத்தத்தைக் கூட்டு.”