தோல் டாக்டரின் கழுத்து

"கழுத்துல செயின், கவரிங் நகை ஏதாவது போட்டீங்களா?"

தோல் டாக்டர் எல்லோரிடமும் கேட்கிற முதல் கேள்வி இதுதான். எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் டாக்டரின் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அது டாக்டரின் சொந்தக் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தது.

"டாக்டர், எனக்கு இருக்கிற அதே தடிப்பு உங்களுக்கும் இருக்கே?"

"இது கொசுக்கடி."

"அப்போ எனக்கும் கொசுதானா?"

டாக்டர் அசடு வழிந்தார். சீட்டை வாங்கிக்கொண்டு இறங்கிப் போன அம்மாள், எதிர்ப்பக்கத்தில் அதே தோல் வைத்தியம் பார்க்கும் பெரிய டாக்டரம்மாவின் கிளினிக்குக்குள் நுழைந்ததை அவர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். தோல் டாக்டருக்கே தோல் வியாதி என்று பேச்சுக் கிளம்பினால் கடையைக் கட்ட வேண்டியதுதான்.

மறுநாள் கழுத்துவரை பொத்தானைப் போட்டு, அதற்குமேல் டையும் கட்டிக்கொண்டு வந்தார். வேர்வையில் ஊறிய தடிப்புகள் இன்னும் சிவந்தன. சொறியாமல் இருக்க முடியவில்லை; சொறிந்தால் மானம் போகும். கடைசியில் சுளுக்கு என்று ஒரு பொய்யைச் சொல்லி, தடிமனான கழுத்துப்பட்டை ஒன்றை மாட்டிக்கொண்டார்.

நர்ஸ் இரக்க குணம் உள்ளவள். அதுதான் வினையாகப் போயிற்று. மாடியிலிருந்த எலும்பு டாக்டரைக் கையோடு கூட்டி வந்துவிட்டாள்.

"பட்டையைக் கழட்டுங்க. ஒரே திருப்பு, சரியாயிடும்," என்றார் எலும்பு டாக்டர், கைகளை உதறியபடி.

"வேண்டாம், இப்போ தேவலை."

"தேவலைன்னா பட்டை எதுக்கு?"

"பழகிடுச்சு."

"கூச்சப்படாதீங்க!"

மேஜையைச் சுற்றி இரண்டு டாக்டர்களும் ஓடினார்கள். மூன்றாவது சுற்றில் எலும்பு டாக்டரின் கையில் பட்டை பர்ரென்று பிய்ந்து வந்தது. வெளியே காத்திருந்தவர்கள் கதவருகே எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் டோக்கனை நர்ஸிடம் திருப்பி நீட்டினார். அவர் பின்னாலேயே மற்றவர்களும் நீட்டினார்கள்.

வீட்டில் மனைவி சலிக்காமல் ஒத்துழைத்தாள். சோப்பை மாற்றினாள். தலையணை உறைகளை வெந்நீரில் அலசினாள். முட்டையை நிறுத்தச் சொன்னார், நிறுத்தினாள். மீனையும் நிறுத்தச் சொன்னார். அவருக்கு மட்டும் நிறுத்தினாள்.

"ஏங்க, அந்தச் செயினைக் கொஞ்ச நாள் கழட்டி வெச்சுப் பாருங்களேன்," என்றாள் ஒரு நாள், மீனைப் புரட்டிக்கொண்டே.

கல்யாண நாளுக்கு அவள் ஆசையாக வாங்கிப் போட்ட செயின் அது.

"நீ வேற! சுத்தத் தங்கம் தோலை ஒண்ணும் பண்ணாதும்மா. நான் படிச்ச படிப்பு அது. அதுவும் நீ போட்டது. உயிரே போனாலும் கழட்ட மாட்டேன்."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அப்படியா? நீங்க எனக்குப் போட்ட வளையல் மாதிரின்னு சொல்லுங்க."

டாக்டருக்குப் புரையேறியது.

கல்யாணமான புதிதில், அவர் இன்னும் படித்துக்கொண்டிருந்தபோது, தங்கம் என்று சொல்லிப் போட்ட வளையல்கள் அவை. அசல் கவரிங். நல்லவேளையாக, "தேஞ்சு போயிடும்" என்று அவளே சில நாட்களில் கழற்றி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். பாவம், வெகுளி என்று நினைத்துக்கொண்டார். இப்படி ஒரு மனைவி கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்றும் நினைத்துக்கொண்டார்.

அந்த வாரக் கடைசியில் டாக்டரின் வரவேற்பறையில் மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. மானம் பார்த்தது போதும் என்று ஒரு மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு, பெரிய டாக்டரம்மாவின் கிளினிக்குக்குப் பின்வாசல் வழியாகப் போனார். உள்ளே அவருடைய பழைய நோயாளிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் எழுந்து வணக்கம் சொன்னார்கள்.

"வாங்க தம்பி, உங்களைத்தான் எதிர்பார்த்துட்டு இருந்தேன்," என்றார் நரைத்த தலை டாக்டரம்மா. அவரை உட்காரவைத்துக் கழுத்தைப் பார்த்தார். "கொசுவா, சோப்பா, மீனா? எது மேல சந்தேகம்?"

"எல்லாத்தையும் பாத்துட்டேன்மா."

"நோயாளிகிட்ட முதல்ல என்ன கேப்பீங்க?"

"செயின் போட்டீங்களான்னு... ஆனா இது சுத்தத் தங்கம். என் மனைவி வாங்கிக் குடுத்தது."

டாக்டரம்மா ஒரு பஞ்சில் மருந்தைத் தொட்டுச் செயினில் தேய்த்தார். பஞ்சு ரோஜா நிறமாக மாறியது. அதற்கு என்ன அர்த்தம் என்று தோல் டாக்டருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"நிக்கல்!" என்று கத்தினார். "அப்போ இது கவரிங்!"

கழுத்து பிழைத்தது, கிளினிக்கும் பிழைத்தது. சந்தோஷத்தில் செயினைக் கழற்றியவருக்கு அடுத்த நொடியே மனைவியின் ஞாபகம் வந்து மனசு கனத்துப்போனது.

"கடைக்காரன் அவளை நல்லா ஏமாத்திட்டான்மா. தங்கம்னு நம்பி, ஆசை ஆசையா வாங்கியிருக்கா. அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. பாவம், மனசு உடைஞ்சு போயிடும்."

டாக்டரம்மா மருந்துச் சீட்டிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"அன்னிக்கு வளையல் போட்டுக் கையெல்லாம் தடிச்சு வந்தப்போ உங்க வீட்டம்மாவும் உங்களைப் பத்தி இதையேதான் சொன்னாங்க தம்பி. போன மாசம்தான் அந்தக் கடைக்காரன், கவரிங்னு சொல்லித்தான் உங்களுக்கு வித்தேன்னு சொல்லிட்டானாம். அதே கடையில இந்தச் செயினை வாங்கிட்டு வந்து, 'இது அவருக்கு எத்தனை நாள்ல அரிக்கும் டாக்டர்?'னு கேட்டுட்டுப் போனாங்க."