பொறி பறந்த அவுரி இலை

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவன் சும்மா இருந்தாலே கம்பெனிக்குப் பாதி லாபம். எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. வீட்டில் காஸ் சிலிண்டர் மாற்றிய நாளைக்கூடக் காலண்டர் தாளில் குறித்துவைக்கிற ஆள் நான். ஒரு பங்குனி மாதச் செவ்வாய்க்கிழமைத் தாளில் மட்டும் ஒன்றும் எழுதவில்லை. எழுதாவிட்டாலும் அதை யாரும் என்னை மறக்க விடுவதில்லை.

அப்போது விருதுநகரில் மூலிகை ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றின் பரிசோதனைக்கூடத்தில் உதவியாளனாகச் சேர்ந்திருந்தேன். நிலவாகை இலைதான் முக்கியச் சரக்கு. எங்கள் பக்கத்தில் அவுரி என்பார்கள். (வயிற்றை இளக்கும் மருந்துக்குப் போகிற இலை. ருசி பார்க்கும் சோதனை இல்லாதது என் பாக்கியம்.) இலையைப் பொடித்து, சலித்து, சின்னக் கிண்ணத்தில் போட்டு எரித்து, மிஞ்சும் சாம்பலை எடை போடுவோம். சாம்பல் கூடினால் இலையில் மண்ணோ வேறு கலப்போ இருக்கிறது என்று அர்த்தம்.

அந்த வாரம் கூடத்துச் சல்லடை கிழிந்துவிட்டது. புதியது வரும்வரை பொறுத்திருங்கள் என்றார் தலைமை வேதியியலாளர் செல்வி மேடம். எனக்கா பொறுமை? எங்கள் வீட்டுப் பரணில் அருமையான சல்லடை ஒன்று கிடந்தது. ஒரு காலத்தில் புஸ்வாணம் செய்து விற்றுக்கொண்டிருந்த என் மாமாவுடையது. கண்ணி அம்புட்டு நைஸ். கழுவினால் ஈரம் தங்கி எடை மாறிவிடும் என்று, விஞ்ஞான முறைப்படி, துணியால் துடைத்து மட்டும் எடுத்துப்போனேன். மேடத்திடம் சொல்லவில்லை. நல்ல காரியத்தைச் சொல்லிவிட்டா செய்வார்கள்?

வெம்பக்கோட்டையிலிருந்து குட்டியானையில் லோடு வந்து நின்றது. கொண்டுவந்தவர் பேச்சியம்மாள் அக்கா. மானாவாரி நிலத்தில் அந்த வருடம் அவர் எடுத்த மொத்த வெள்ளாமையும் அந்த வண்டியில் இருந்தது. நாங்கள் திருப்பிவிட்டால், சேதி அவருக்கு முன்னால் போய்விடும். பிறகு வேறெந்தக் கம்பெனியும் தொடாது.

பொடித்தேன், சலித்தேன், அடுப்பை மூட்டினேன். கிண்ணத்தில் முதலில் புகை. அப்புறம் சரசரவென்று ஒரு சத்தம். வெள்ளிப் பொறிகள் மேலெழுந்து, குடைபோல விரிந்து, என் புருவத்தில் பாதியை எடுத்துக்கொண்டு அடங்கின. கூடமெங்கும் தீபாவளி வாசனை.

அந்த வாசனையில் வளர்ந்தவனுக்கு அங்கேயே புரிந்திருக்க வேண்டும். புரிந்தது, ஆனால் தலைகீழாக.

வெளியே போய், குற்றவாளியைப் பிடித்த மிடுக்கோடு கேட்டேன்.

"எக்கா, இலையை எங்கன காயவச்சீக?"

"எங்க களத்துலதேன். ஏன் தம்பி?"

"பக்கத்துல பயர் ஆபீஸ் இருக்கா?" (எங்கள் பக்கம் பட்டாசு ஆலைக்கு அதுதான் பெயர்.)

"வெம்பக்கோட்டையில பயர் ஆபீஸ் இல்லாத தெச எதுன்னு நீங்களே சொல்லுங்க."

"வெடிமருந்துத்தூள் கலந்திருக்கு. இந்த லோடை எடுக்க முடியாது."

அக்காவின் முகம் வெளுத்தது. ஒரு கணம்தான். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே கூடத்துக்குள் வந்துவிட்டார்.

"மேடம், இந்தத் தம்பி எம்மேல வெடி கேசு போட்டுருவாரு போலுக்கு. எஞ்சாக்குலருந்து நாலு எலய எடுத்து, எங்கண்ணு முன்னால கொளுத்துங்க. வெடிச்சா நானே வண்டியத் திருப்பிட்டுப் போயிருதேன்."

மேடம் தானே இலையைக் கையால் கசக்கி எரித்தார். புகை வந்தது, சாம்பல் ஆனது. பொறி இல்லை.

"சலிச்சுப் பாருங்க மேடம், அப்பத் தெரியும்" என்றேன். (யாரும் கேட்கவில்லை.) நானே சலித்துக் கொஞ்சம் போட்டேன். மறுபடியும் புஸ்வாணம்.

மேடம் சல்லடையைக் கையில் வாங்கி, வெள்ளைத் தாளின் மேல் கவிழ்த்துத் தட்டினார். சட்டத்து இடுக்கிலிருந்து பளபளவென்று அலுமினியத் தூளும் கூடவே வெடிமருந்தும் கொட்டின.

"இது நம்ம சல்லடை இல்லையே?"

"வீட்டுலருந்து கொண்டுவந்தேன் மேடம்."

"உங்க வீட்டுல இதுல என்ன சலிப்பாங்க?"

மாவு என்று சொல்லியிருக்கலாம். வாயில் உண்மை வந்துவிட்டது. முதலில் சிரித்தவர் பேச்சியம்மாள் அக்காதான். சாக்கின் மேல் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவர் சத்தம் போட்டிருந்தால், முதலாளியிடம் போயிருந்தால், அன்றோடு என் உத்தியோகம் முடிந்திருக்கும். அவர் கேட்டது ஒன்றுதான்: "தம்பி, காலையில சாப்பிட்டீகளா இல்லியா?"

மேடம் கடையிலிருந்து புதுச் சல்லடை வாங்கிவரச் செய்து, முழுச் சோதனையையும் தாமே திரும்பச் செய்தார். இலை சுத்தம். லோடு உள்ளே போனது. எனக்குக் கிடைத்தது ஒரு வாரம் பாட்டில் கழுவும் வேலை மட்டும். இரண்டு பேருக்கும் இன்றுவரை நன்றி சொல்லி மாளவில்லை.

பேச்சியம்மாள் அக்கா பிறகு சும்மா இருந்தாரா? தன் தங்கை மகளுக்கு வரன் தேடியபோது என் பெயரைச் சொல்லியிருக்கிறார். "பையன் பொய் சொல்ல மாட்டான், அது எங்கண்ணால கண்டது. அடுப்புப் பக்கம் மட்டும் விட்றாதீக" என்பதுதான் அவர் கொடுத்த சிபாரிசு.

அந்தத் தங்கை மகள்தான் என் மனைவி. ஒவ்வொரு தீபாவளிக்கும் குடும்பமாக வெம்பக்கோட்டையில் கூடுவோம். ஏதாவது ஒரு புஸ்வாணம் லேசாகச் சீறிவிட்டு அணைந்துபோகும். உடனே வாசலில் இருந்து பேச்சியம்மாள் அக்காவின் குரல் வரும்:

"ஏலே, இதுக்கு மருமகன் கொளுத்துன அவுரி எலயே தேவல."