கருப்பட்டித் துவாரபாலகர்

சும்மா நிற்பது எளிது என்று சொல்கிறவர்கள் யாரும் சும்மா நின்று பார்த்ததில்லை. நான் நின்று பார்த்தவன். அதுவும் உடம்பெல்லாம் கருப்பட்டிப் பாகு பூசிக்கொண்டு, குற்றாலத்தில். அந்த ஊரை அறிந்தவர்கள் இந்த இடத்திலேயே சிரிக்க ஆரம்பித்திருப்பார்கள். (அறியாதவர்கள் சற்றுப் பொறுங்கள்.)

ஏழெட்டு வருஷங்களுக்கு முன்னால், சாரல் காலத்தில், அங்கே ஓர் அருங்காட்சியகத்தில் ‘குடும்பத்தோடு ஒரு மாலை’ என்று நிகழ்ச்சி வைத்தார்கள். முற்றத்தில் கரகாட்டம், பிள்ளைகள் களிமண் பொம்மை செய்ய ஒரு மேஜை, ஓரமாக பஜ்ஜியும் சுண்டலும். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு போட்டி. உள்ளே இருக்கும் சிற்பங்களைப் போல வேடம் போட்டுக்கொண்டு குடும்பம் குடும்பமாக முற்றத்தில் நிற்க வேண்டும். பார்க்க வருகிறவர்கள் சிரிக்க வைக்கலாம், தொடக் கூடாது. கண்ணிமைக்கலாம், வேறு எது அசைந்தாலும் வெளியே. கடைசியாக யார் நிற்கிறாரோ அவருடைய குடும்பத்துக்குப் பரிசு.

எனக்குத் தென்காசியில் பெயின்ட் கடை. பேசிப் பேசியே சரக்கை விற்கிறவன் சிலையாக நிற்க வேண்டிய அவசியம் என்ன? காரணம் என் மச்சான்தான். என் மனைவி செல்வியின் அண்ணன், பட்டாளத்தில் இருப்பவர், வீரகேரளம்புதூருக்கு லீவில் வந்திருந்தார். நோட்டீஸைப் பார்த்ததும் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“மாப்ளே, உமக்கு இது சரிப்படாது. பந்தியில எல போட்டு சோறு வைக்கதுக்குள்ள நாலு வாட்டி எந்திரிக்க ஆளு நீரு.”

அன்று மாலையே பெயர் கொடுத்துவிட்டேன்.

நான் துவாரபாலகர். செல்வி பாவை விளக்கு. எங்கள் மகள் தங்கத்தை மட்டும் மச்சானிடம் விட்டுவிடலாம் என்று நினைத்திருந்தேன். அப்போது அவள் நாலாம் வகுப்பு. “ஒங்க பிள்ள பெஞ்சுல உக்காந்து நான் பாத்ததே இல்ல சார்” என்று அவளுடைய டீச்சர் என்னைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். ஆனால் தங்கம் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்: “நான் இல்லாம என்னப்பா குடும்பம்?”

சரியென்று அவளுக்கு வாயைப் பிளந்துகொண்டிருக்கும் குட்டி யாளி வேடத்தைக் கொடுத்தேன். வாய் திறந்தே இருந்தால் பேச முடியாது என்பது என் ராஜதந்திரம்.

கல் நிறம் வேண்டும். கடை பெயின்டைத் தொட்டால் நடப்பதே வேறு என்று செல்வி மிரட்டிவிட்டாள். ஆகவே நானே அரிசி மாவு, அடுப்புச் சாம்பல், நன்றாக ஒட்டுவதற்குக் கருப்பட்டிப் பாகு என்று கலக்கினேன். சும்மா சொல்லக் கூடாது, அசல் பாறை நிறம்!

“ஏங்க, அங்கன கொரங்கு இருக்குல்லா?” என்றாள் செல்வி.

“சாயங்காலம் ஆனா அதெல்லாம் மரத்துல ஏறிப் படுத்துரும்.”

(குரங்குகள் எத்தனை மணிக்குப் படுக்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? இன்றுவரை தெரியவில்லை.)

போட்டி தொடங்கியது. தெர்மகோல் கிரீடம், தெர்மகோல் கதாயுதம், பிதுங்கிய விழி. என் காலடியில் தங்கம் வாயைப் பிளந்து மண்டியிட்டிருந்தாள். சிவகிரியிலிருந்து ராஜா வேடத்தில் வந்த ஒருவர், மடியில் செல்போன் அலறியதும் எடுத்து “அல்லோ” என்றார். வெளியே போனார். இன்னொரு குடும்பம் தும்மலில் போயிற்று. மச்சான் என் மூக்குக்கு முன்னால் நின்று பஜ்ஜியை ஊதி ஊதித் தின்றார். நான் அசையவில்லை.

அப்போதுதான் கூட்டத்தில் ஒருவர் கத்தினார்: “ஏலே, செவுத்துல பாருங்கலே!”

மதில் மேலிருந்து ஒரு பெரிய குரங்கு இறங்கி நேரே என்னிடம் வந்தது. மோந்து பார்த்தது. தோளில் ஏறி உட்கார்ந்து, என் முழங்கையை நிதானமாக நக்க ஆரம்பித்தது. கூச்சம் உச்சந்தலைக்கு ஏறியது. ஆனாலும் நின்றேன். கம்போடு ஓடி வந்த ஊழியரும் என் நிலையைப் பார்த்து வியந்து நின்றுவிட்டார். கூட்டம் கை தட்டியது. மச்சான் பஜ்ஜியை மெல்லுவதையே நிறுத்தினார். என் வாழ்க்கையிலேயே நான் மிகவும் பெருமைப்பட்ட நேரம் அதுதான். அத்தோடு முடிந்திருக்கலாம்.

குரங்கு கீழே குதித்தது. யாளியின் திறந்த வாய்க்குள் எட்டிப் பார்த்தது. முகத்தோடு முகம் வைத்துப் பார்த்தது.

அதற்கு மேல் எனக்குத் துவாரபாலகராவது, பரிசாவது! “ஏட்டி தங்கம், ஓடிருட்டி!” என்று கத்திக்கொண்டே பாய்ந்தேன். பஞ்சகச்சம் காலைச் சுற்றியது. நான் போய் விழுந்தது களிமண் மேஜையின் மேல். அரை டஜன் யானைகள் எனக்கு அடியில் அப்பளமாகின. “என் யானை!” என்று ஒரு குழந்தை வீறிட்டது. குரங்கு என் கிரீடத்தைப் பிடுங்கிக்கொண்டு மதிலேறியது. பாவை விளக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. எதிரே மலைபோல் நின்ற கடைசிப் போட்டியாளரும் என் முகத்தில் ஒட்டியிருந்த தும்பிக்கையைப் பார்த்துக் குலுங்கிவிட்டார்.

மைக்கில் அறிவித்தவருக்குச் சிரிப்பில் குரலே வரவில்லை. “எல்லாரும் அசஞ்சாச்சு... யாளி மட்டும் அப்படியே நிக்குது!”

தங்கம் அப்படியேதான் இருந்தாள். பிளந்த வாய், நிலைத்த பார்வை. “போதும்மா, ஜெயிச்சாச்சு” என்று நான் சொல்லியும் அசையவில்லை. செல்வி கூப்பிட்டும் அசையவில்லை. கடைசியில் மச்சான் அவள் முன்னால் போய் விறைப்பாக நின்று, பட்டாளத்தில் இளைப்பாறச் சொல்லும் கட்டளையைக் கொடுத்தார்: “விஸ்ராம்!”

தங்கம் வாயை மூடினாள்.

“கொரங்கு வந்துச்சே, பயமா இல்லையாட்டி?” என்று கேட்டேன்.

“பயமாத்தாம்ப்பா இருந்துச்சு. ஆனா யாளி பயப்படாதுல்லா?”

முற்றத்துக்கு நடுவில், மேலெல்லாம் களிமண்ணோடு, யாளிக்கு முன்னால் ஒரு துவாரபாலகர் கண்கலங்கி நிற்பதை அருங்காட்சியகம் அன்றுதான் பார்த்திருக்கும். பரிசாகக் கொடுத்த ஹாட்பாக்ஸை என் மகள் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். நான் பின்னாலேயே போய், கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் “எம் மவதான்” என்று சொல்லிக்கொண்டே வந்தேன். (அந்தக் குழந்தைக்கு வேறு ஒரு யானை செய்து கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினேன். அது பன்றி மாதிரி இருந்தது என்பது வேறு விஷயம்.)

இப்போது தங்கம் பிளஸ் டூ. மச்சான் இன்றைக்கும் எல்லையிலிருந்து வீடியோ காலில் வந்தால், பக்கத்தில் இருக்கும் பட்டாளத்துக்காரர்களுக்கு என்னைக் காட்டி அவருக்குத் தெரிந்த இந்தியில் ஏதோ சொல்வார். அங்கே ஒரே சிரிப்பு.

போன பொங்கலன்று எனக்குப் பொறுக்கவில்லை. “மச்சான், கொரங்கு கதய மட்டும் சொன்னாப் போதுமா? கடேசி வரைக்கும் நின்னு ஜெயிச்சது எம் மவ. அதையும் சொல்லுங்க.”

“அதத்தான மாப்ளே மொதல்ல சொன்னேன்” என்றார் மச்சான். “அதுக்கு எவனும் சிரிக்கல. எந்திரிச்சு நின்னு சல்யூட் அடிச்சானுவொ. பொறவுதான் ஒம்ம கதைக்கு வந்தேன்.”