பூமி ஒரு மணிக்குப் பூட்டப்படும்

ஒரே ஒரு ஊர், திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில். அங்கே ஒரே ஒரு இன்ஜினியரிங் காலேஜ் என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். ஆகவே, பலவற்றில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். ஆனால் விமானம் ஓட்டும் சிமுலேட்டர் கேம் ஓடுகிற தெம்புள்ள கம்ப்யூட்டர் அந்தக் காலேஜில் நிஜமாகவே ஒன்றே ஒன்றுதான். அதற்குள் ஒரு டெராபைட் சேமிக்கும் எஸ்.எஸ்.டி.

ஆய்வுக்கு அதிகாரி வருவதாகக் கடிதம் வந்தது. ஒவ்வொரு துறைக்கும் தனித்தனி நவீன லேப் இருத்தல் வேண்டும் என்பது விதி. துறைகள் எட்டு. முதல்வர் சென்னிமலை, லேப் பொறுப்பாளர் இஜாஸைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க இஜாஸ், என்ற ஊட்டுக் கம்ப்யூட்டரைக் கடைக்காரன் சி, டி, ஈ, எஃப்னு நாலு டிரைவா பிரிச்சுக் குடுத்தான். இதை எட்டா பிரிச்சா எட்டு லேப்தானுங்க?"

"பிரிக்கலாம் சார். ஆனா ஒவ்வொண்ணும் நூத்திச் சொச்சம் ஜி.பி.தான் வரும். சிமுலேட்டர் மட்டுமே முந்நூறு. எதுலயும் அடங்காது."

"அப்ப விமானத்தையும் பிரிச்சுப் போட்டுருங்க."

இஜாஸ் வாயைத் திறந்தார். தன் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை என்பது நினைவுக்கு வந்து, "சரி சார்" என்றார்.

சாயங்காலத்துக்குள் நீதி தவறாமல் பங்கீடு நடந்தது. மண்ணும் ரோடும் சிவில் துறைக்குரியவை. ஆகவே பூமி முழுவதும், விமான நிலையங்கள் உட்பட, சிவில் டிரைவுக்குப் போயிற்று. இன்ஜினும் எரிபொருளும் மெக்கானிக்கலுக்கு. மேகமும் மழையும் விவசாயப் பொறியியலுக்கு. எம்.பி.ஏ.வுக்குக் கொடுக்க ஒன்றும் தோன்றாமல் பயணிகளைக் கொடுத்தார்கள். விமானத் துறைக்கு மிஞ்சியது இறக்கையும் வாலும்.

எட்டு டிரைவுக்கும் எட்டு பாஸ்வேர்டு, எட்டுப் பதிவேடு, எட்டு போர்டு. அறைக்குக் கதவு ஒன்றுதான் என்பதால் போர்டுகளை அடித்து முடித்தபோது கைப்பிடி எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

ஆய்வு நாளன்றுதான் விமானத் துறை இறுதியாண்டு மாணவி பிரவீனாவுக்குச் செய்முறைத் தேர்வு. திங்கட்கிழமை பெங்களூரில் அவளுக்கு வேலை நேர்காணல். 'விமானத்தை இறக்கினாள், பாஸ்' என்ற தாளோடு போனால்தான் உள்ளே விடுவார்கள். தேர்வு அதிகாரி, ஆய்வுக்கு வந்த காளியண்ணனேதான். அவர் போர்டுகளை இரண்டு முறை எண்ணிச் சரிபார்த்து உட்காரப் பன்னிரண்டே முக்கால் ஆகிவிட்டது.

பிரவீனா விமானத்தைக் கிளப்பினாள். ஆட்டையாம்பட்டி தாண்டி, சேலத்து ஓடுபாதை கண்ணில் படும்போது மணி ஒன்று. சிவில் துறைத் தலைவி சௌந்திரம் எழுந்து வந்து தன் டிரைவைப் பூட்டினார். திரையில் பூமி காணாமல் போயிற்று.

"மேடம்! நான் இறங்கோணும் மேடம்!"

"இறங்கு சாமி, ஆரு வேண்டாம்னா? ரெண்டு மணிக்கு வந்து தொறந்துடறேன்."

"அஞ்சே நிமிசமுங்க!"

"பூமியைத் தொறந்து போட்டுட்டுச் சோத்துக்குப் போயி, ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நாந்தானே பதில் சொல்லோணும்?"

காளியண்ணன் நிமிர்ந்தார். "ஏன் இன்னும் இறங்கலை?"

"பூமி சாப்பிடப் போயிருக்குதுங்க சார்," என்றார் சென்னிமலை.

அதிகாரியின் முகம் மலர்ந்தது. "பேஷ்! எல்லா ஊர்லயும் போர்டு மட்டுந்தான் தனியா இருக்கும். இங்க துறைகளே தனித்தனியா இயங்குது!"

பாராட்டைக் குறிப்பில் ஏற்றிவிட்டு மதிப்பெண் தாளை எடுத்தார். அதில் இரண்டே கட்டங்கள்: தரையிறங்கியது, நொறுங்கியது. தரையே இல்லாத இடத்தில் இரண்டுக்கும் வழியில்லை. 'முடிவு நிறுத்திவைக்கப்படுகிறது' என்று எழுதிக் கையெழுத்திட்டுச் சாப்பிடப் போனார். முதல்வர் பின்னாலேயே ஓடினார்.

பாதியில் எழுந்தால் ஆப்சென்ட். பிரவீனா ஒன்றுமில்லாத நீலத்தில் ஒரு மணி நேரம் வட்டமடித்தாள். எரிபொருள் அளவை மெக்கானிக்கல்காரர்கள் சாயங்காலம்தான் குறிப்பார்கள் என்பதால் டேங்க் குறையவே இல்லை.

இரண்டு மணிக்குச் சௌந்திரம் ஏப்பம் விட்டபடி வந்து பூட்டைத் திறந்தார். வயல், ரோடு, ஓடுபாதை எல்லாம் ஒவ்வொன்றாக முளைத்தன. விமானம் பூப்போல இறங்கியது.

"பார்த்தீங்கல்ல மேடம்? ஒரு கையெழுத்துப் போடுங்க."

சௌந்திரம் கண்ணாடியைத் துடைத்து மாட்டித் திரையைக் கூர்ந்து பார்த்தார். "என்ற பூமில உன்ற விமானம் நிக்குது."

"ஆமாங்க மேடம்."

"ஆரைக் கேட்டுக் கொண்டாந்து நிறுத்துனே? வேற துறைச் சாமான் சிவில் லேபுக்குள்ள வந்தா மன்னிப்புக் கடிதம் வேணும். எழுது."

எழுதினாள். இன்ன தேதி, இன்ன நேரம், சேலம் ஓடுபாதையில் அனுமதியின்றி விமானத்தை இறக்கியமைக்கு மன்னிக்கவும். சௌந்திரம் 'உண்மை' என்று எழுதி, சீல் வைத்தார்.

அந்தச் சீலைப் பார்த்ததும் பிரவீனாவுக்கு உயிர் வந்தது. அவள் இறங்கினாள் என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே அத்தாட்சி அதுதான். முதல்வரிடம் ஓடினாள். அவர் மூன்று தரம் படித்தார்.

"சட்டப்படி இறங்கித்தான் இருக்கறே. அதிகாரிகிட்ட நான் சொல்லிக்கறேன்," என்று பாஸ் தாளில் கையெழுத்திட்டு நீட்டினார். "ஒண்ணு மட்டும். வெளிய அட்மிசனுக்கு நிக்கறாங்க. கேட்டா நல்லதாச் சொல்லிட்டுப் போ சாமி."

வெளியே வரிசை கேட் வரைக்கும் நின்றது. முதல் ஆளாக, மகளோடு, போர்வெல் ரிக் வண்டி ஓனர் பச்சமுத்து.

"ஏங்கண்ணு, நீ இங்கயா படிக்கறே? விமானமெல்லாம் ஓட்ட உடறாங்களா?"

பிரவீனா தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"உடறாங்க. இதுவரைக்கும் ஒரு விபத்துகூட நடந்ததில்லீங்க."

"கேட்டுக்கங்கப்பா!" என்று பச்சமுத்து திரும்பிச் சொன்னார். வரிசை ஒரு எட்டு முன்னால் நெருக்கியது. பிரவீனா பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள்.