நீங்கள் வராமலே நான் தொட்டி வைத்த விவரம்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நலமும், சம்பந்தியம்மாவின் முழங்கால் நலமும் அறிய ஆவல். இங்கே நானும் என் வீட்டுக்காரியும் தங்கள் மருமகளும் சுகம். ஐந்தாம் மாதம் நல்லபடியாகப் போகிறது. இன்னும் ஆறு வாரம் படுத்தே இருக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளை சனிக்கிழமைதோறும் தவறாமல் வந்து, அவளுக்கு வாங்கிவந்த பழத்தைப் பேச்சுவாக்கில் தானே சாப்பிட்டுவிட்டுப் போகிறார்.

மீன் தொட்டியைச் சரிசெய்ய நேரில் வருவதாகப் போனில் சொன்னீர்கள். தயவுசெய்து வர வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதம். தொட்டி முழுக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. நடந்ததை மாப்பிள்ளை வாயால் தாங்கள் கேட்பதைவிட நானே எழுதிவிடுவது மரியாதை.

மாடிப்படி ஏறக்கூடாது என்பதால்தான் அவளை எங்கள் கீழ்வீட்டில் வைத்திருக்கிறோம். ஆனால் அந்த அறையில் ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர், மூடினால் எங்கள் வீட்டுச் சுவர். பிள்ளை ஒருக்களித்துப் படுத்து அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். போன வருஷம் நாலாம் மாதத்தில் கலைந்துபோனதைப் பற்றி இந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை. இந்தக் குழந்தையைப் பற்றியும் வாய்விட்டுப் பேசப் பயம். ஒரு நாள் அவளாகவே, "மாமா வீட்டுத் தொட்டிக்குள்ள செடி சும்மா ஆடிக்கிட்டே இருக்கும்பா. அதைப் பாத்தா மனசு அடங்கும்" என்றாள். மறைப்பானேன், எனக்குச் சுருக்கென்றது. முப்பத்திரண்டு வருஷம் குடிநீர் வாரியத்தில் குழாய்க் கசிவு அடைத்தவன் நான். தண்ணீர் விஷயத்தில் என் மகள் கணக்கு வாத்தியாரான தங்களைப் புகழ்வதா? அதனால்தான் தொட்டி வைப்பது பற்றித் தாங்கள் அன்போடு எழுதி அனுப்பிய நாலு பக்கக் குறிப்பை உறைகூடப் பிரிக்காமல் பீரோவில் வைத்துவிட்டேன். மன்னிக்கவும்.

புதுத் தொட்டி வாங்குவது பென்ஷன்காரனுக்குக் கட்டுப்படியாகாது. முடிதிருத்தும் கடைக்காரர் தன் பரணில் கிடந்த இரண்டடித் தொட்டியை, இடம் காலியானால் போதும் என்று கொடுத்தார். கொல்லையில் வைத்துத் தண்ணீர் நிரப்பினால் மூலைக்கு மூலை கசிகிறது. என் வீட்டுக்காரி மாப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, "ஊரு கசிவையெல்லாம் அடைச்சவரு" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். கைவசம் இருந்த குழாய்ப் பசையைப் பூசினேன், தெருவே மூக்கைப் பொத்தியது. அதைச் சுரண்டி எடுக்க ஒரு நாள், கண்ணாடிக் கடையில் மிச்சமிருந்த சிலிக்கான் பசையைக் கெஞ்சி வாங்கிப் பூச ஒரு நாள், அது காய ரெண்டு நாள். ஒருவழியா ஸ்டூல் போட்டு அவள் கட்டிலுக்குப் பக்கத்துல தொட்டியை வச்சு, பழைய மேசை விளக்கை மேல மாட்டி, பூந்தொட்டி மண்ணைச் சலிச்சு அடியில போட்டு, கட்டட வேலைக்காரங்க விட்டுட்டுப் போன மணலைக் கழுவி மேல பரப்பி, ஒரு வாளித் தண்ணியைத் தூக்கி ஊத்தினேன். ஊத்தினதுதான் தெரியும். மணல் கீழ போச்சு, மண்ணு மேல வந்துச்சு, தொட்டி முழுக்க டீ. உங்க மருமக நிதானமா பாத்துட்டு, "இதுல மீன் வேண்டாம்பா, எருமை விடுங்க" என்றாள். மறுபடி எல்லாத்தையும் காலி பண்ணிட்டு உட்கார்ந்திருக்கேன், என் வீட்டுக்காரி வந்து மணல் மேல ஒரு தட்டை வச்சு, செம்பால அதுமேல மெதுவா ஊத்தினா. தண்ணி தெளிவா நின்னுச்சு. நான் அவளைப் பாக்கவே இல்லை.

செடிக்கு, வளர்ப்பு மீன் கடையில வெட்டிப் போடுற நீர்க்கொடியைக் கேட்டு ஒரு பை நிறைய வாங்கிட்டு வந்தேன். மகளோட புருவ இடுக்கியால நட்டா, ஒண்ணு நடுறதுக்குள்ள ரெண்டு மிதக்குது. அவ படுத்தபடியே, "இன்னும் ஆழமாப்பா, இடது பக்கம்" என்று மேஸ்திரி வேலை பாத்தா. கடைசியில, "அப்பா, அந்த ஓரத்துல ஆறு கொடியையும் தலைகீழா நட்டிருக்கீங்க"ன்னு சொல்லிச் சிரிச்சா பாருங்க, அடுப்படியிலேருந்து என் வீட்டுக்காரி ஓடி வந்து, "அசையாதடி, டாக்டரம்மா திட்டுவாங்க"ன்னு சொல்லிக்கிட்டே தானும் சிரிச்சா. அந்தச் சத்தம் கேட்டு எத்தனை மாசம் ஆச்சு, சம்பந்தி.

பத்தாம் நாள் இலையெல்லாம் பழுப்பாகி, கூழாக் கரைய ஆரம்பிச்சுது. அவ சுவர் பக்கம் திரும்பிக்கிட்டா. "நான் எதை ஆசையா பாத்தாலும் நிக்க மாட்டேங்குதுப்பா" என்றாள். பீரோவைத் திறந்து உங்க குறிப்பைப் பிரிச்சேன். மூணாவது பக்கத்துல, உங்க முத்து முத்தான கையெழுத்துல, 'முதலில் பழைய இலை கரையும். பயப்பட வேண்டாம். பிடுங்க வேண்டாம். வேரைப் பார்க்கவும்.' சத்தமா ரெண்டு தடவை படிச்சேன். டார்ச்சைக் கண்ணாடியோட ஒட்டிப் பிடிச்சா, மண்ணுக்குள்ள வெள்ளையா, நூல் மாதிரி, நாலஞ்சு வேர். அவ திரும்பி, கையை நீட்டி, அந்த இடத்துல விரலை வச்சுக்கிட்டே இருந்தா. நான் குளியலறைக்குப் போய்க் குழாயை முழுசாத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்னேன்.

இப்போது புது இலை நகத்தளவு வந்திருக்கிறது. ஆகவே தாங்கள் வர வேண்டாம். ஏழு மணி நேரப் பயணம். மேலும் தாங்கள் என் தொட்டியைச் சுற்றிவந்து, பரீட்சைத் தாள் திருத்துகிற தோரணையில் "ம்ம்" என்று சொல்வதைத் தாங்கும் சக்தி எனக்கு இல்லை.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம். வீட்டில் எல்லோரும் குறைவின்றி இருக்க எங்கள் வேண்டுதல் எப்போதும் உண்டு.

இப்படிக்கு,
தங்கள் மருமகளைப் பெற்றவன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் அவள் வாங்கிப் படித்து, 'வர வேண்டாம்' என்று இருந்த இடத்தையெல்லாம் பேனாவால் அடித்துவிட்டாள். திரும்ப எழுதத் தெம்பில்லை, அப்படியே அனுப்புகிறேன். மீன் இன்னும் விடலை. "ரெண்டு தாத்தாவும் சேர்ந்து போய் வாங்கிட்டு வரட்டும்" என்றாள். தாத்தான்னு சொன்னா, சம்பந்தி. இந்த வீட்டுல அந்த வார்த்தையை இன்னிக்குத்தான் ஒருத்தர் வாய்விட்டுச் சொல்லியிருக்காங்க. என் வீட்டுக்காரி அடுப்பை அணைச்சுட்டு வந்து கட்டில் ஓரமா உட்கார்ந்துட்டா. முதல் பஸ்ஸுக்கே கிளம்பிடுங்க.