தலைகீழாக்க முடியாத கொடிகள்

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுவது. நான் உயிரோடும் நலமாகவும் இருக்கிறேன். அத்தையும் நலம், என்மேல் கோபமாக இருப்பதால் கூடுதல் தெம்போடு இருக்கிறாள். நீயும் என் மகனும் நலமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவைத் திறந்தேன்.

உனக்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதம். ஓய்வு பெற்று, வீட்டில் அத்தை போகும் இடமெல்லாம் குறுக்கே நின்றுகொண்டிருந்த என்னை, அருங்காட்சியகத்தின் கொடி அறையில் விளக்கம் சொல்லும் வேலைக்குச் சிபாரிசு செய்தவள் நீ. கொடிகளின் வரலாறு பற்றிய புத்தகம் வாங்கித் தந்தவளும் நீ. அது மட்டும் இல்லையென்றால் போன வெள்ளிக்கிழமை என் கதி என்ன ஆகியிருக்கும்!

மதியம் மூடும் நேரம். நான் போய்விட்டேன் என்று நினைத்துக் காவலாளி கீழே வெளிக்கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். மாடியில் நான் கொடி அறைக் கதவை இழுத்தால், கைப்பிடி மட்டும் கையோடு வந்தது, கதவு வரவில்லை. அடுத்த மூன்று நாளும் விடுமுறை. கைபேசி கீழே மேசையில் சார்ஜில், பிரஷர் மாத்திரை அதன் பக்கத்தில். கத்திப் பார்த்தேன், தெருவில் போன லாரி இரைச்சலில் எனக்கே கேட்கவில்லை. அப்போதுதான் உன் புத்தகம் நினைவுக்கு வந்தது. கொடியைத் தலைகீழாகப் பறக்கவிட்டால் ஆபத்து என்று பொருள், அது கப்பல்காரர்களின் பழைய வழக்கமாம். எதிர்வாசலில் தினமும் உட்கார்ந்திருப்பவரோ, ஊரே ‘கேப்டன்’ என்று கூப்பிடும் ஓய்வு பெற்ற மாலுமி. பிறகென்ன கவலை என்று, கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டாமல் வெளியே இருந்த நான்கு கொடிகளில் முதலில் ஆஸ்திரியாக் கொடியை எடுத்தேன். போரில் ஒரு பிரபுவின் வெள்ளை அங்கி முழுக்க ரத்தமாகி, இடைவாரைக் கழற்றியபோது அந்த இடம் மட்டும் வெள்ளையாக இருந்ததாம். அதனால்தான் சிவப்பு, வெள்ளை, சிவப்பு என்று கதை சொல்வார்கள். தலைகீழாகப் பிடித்தேன். அப்போதும் சிவப்பு, வெள்ளை, சிவப்பு. அடுத்து டென்மார்க் கொடி. தோற்றுக்கொண்டிருந்த படைக்காக அது வானத்திலிருந்தே விழுந்ததாம். எப்படி விழுந்தாலும் சரியாகத் தெரியட்டும் என்று செய்தார்களோ என்னவோ, மேல்கீழாகப் புரட்டினாலும் அதே சிலுவை. எங்கள் ஊர்த் தீயணைப்புப் படையின் பழைய கொடியில் ஏணி இருக்கிறது. ஏணியைத் தலைகீழாக்கினால் என்னம்மா ஆகும்? ஏணிதான் ஆகும்.

கடைசியில் நடு மேசைமேல் ஒன்று, வெறும் மஞ்சள். கப்பலில் தொற்றுநோய் இருந்தால் அந்தக் காலத்தில் மஞ்சள் கொடி ஏற்றுவார்கள். நோய் என்றாலாவது டாக்டர் வருவார் அல்லவா? ஜன்னல் கம்பி வழியாக நீட்டி ஆட்டினேன். கேப்டன் நிமிர்ந்து பார்த்தார். “ஐயையோ, மஞ்சக் கொடி! தொத்து நோய்! யாரும் கிட்ட போகாதீங்க!” என்று அவர் போட்ட சத்தம் லாரியையும் மீறிக் கேட்டது. ஐந்தே நிமிடத்தில் தெரு காலி. பேருந்துகூட நிறுத்தத்தில் நிற்காமல் போனது.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தலை சுற்றியது. ஒரு சட்டைப் பொத்தானுக்காகக் காலையில் அத்தையிடம் எரிந்து விழுந்துவிட்டு வந்தோமே என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

அந்தக் காலித் தெருவில் ஒரே ஒரு ஆள் கட்டடத்தை நோக்கி விறுவிறுவென்று வந்தார். எங்கள் கொடிகளைத் தைத்துச் செப்பனிடும் தையற்கார அம்மா. “போகாதீங்கம்மா!” என்று கேப்டன் கதறியும் நிற்கவில்லை. எங்கிருந்தோ காவலாளியைப் பிடித்து இழுத்துவந்து, மாடியேறி, தன் பெரிய கத்தரிக்கோலைக் கதவிடுக்கில் விட்டு நெம்பித் திறந்துவிட்டார். “நீங்களா சார்? முகமெல்லாம் வெளுத்துப்போச்சே, எந்திரிக்காதீங்க” என்று மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்து கொடுத்தார். ஊரே பயந்து ஓடியபோது கொடியின் மொழி புரிந்து ஓடிவந்த ஒரே ஜீவன்! அவருக்கும், உனக்கும், அந்த மஞ்சள் கொடிக்கும் நான் ஆயுசு முழுக்கக் கடமைப்பட்டவன். வீட்டில் அத்தை முதலில் அழுதாள், பிறகு திட்டினாள். பொத்தானை நானே தைத்துக்கொண்டேன்.

நீங்கள் இருவரும் எந்த அறைக்குள் போனாலும் சுகமாக வெளியே வர என் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் மாமா

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் தையற்கார அம்மாவுக்கு நேரில் நன்றி சொல்லப் போனேன். “கொடி வரலாறு இவ்வளவு தெரிஞ்சிருக்கே உங்களுக்கு!” என்றேன். “என்ன வரலாறு சார்? அந்த மஞ்சக் கொடி ஓரம் கிழிஞ்சு என்கிட்டதான் இருக்கு. தச்சுத் தர்ற வரைக்கும் மேசை வெறுமையா இருக்க வேணாம்னு என் வீட்டு மேசைவிரிப்பைப் போட்டு வச்சேன். யாரோ அதை ஜன்னல்ல புழுதியில ஆட்டினா நான் சும்மா இருப்பேனா? பிடுங்கிட்டுப் போகத்தான் வந்தேன்” என்றார். துவைத்துத் தரச் சொல்லியிருக்கிறார்.