பொட்டலக் காகிதமும் என் மகளின் மூளையும்

ஒரு கர்ப்பிணியைக் கவலையில் தள்ள வேண்டுமானால், அவளிடம் "கவலைப்படாதே" என்று சொன்னால் போதும். என் கணவர் ஒருபடி மேலே போய், செஞ்சிக் கடைத்தெருவையே அதற்கு ஏவிவிட்டார்.

அறுபதுகளின் நடுவில், எனக்கு ஏழாம் மாதம். அவருக்கு மளிகைக் கடை. பருப்புப் பொட்டலம் கட்ட வந்த பழைய வாரப் பத்திரிகையில் அரைப்பக்கக் கட்டுரை ஒன்று அகப்பட்டது. கர்ப்பிணி தினமும் நடந்தால் பிள்ளைக்கு மூளை நன்றாக வளருமாம்; மனக்கவலைப்பட்டால் வளராதாம். (மீதி அரைப்பக்கம் யார் வீட்டுப் புளியோடு போனதோ!) அவ்வளவுதான், வீட்டில் ஒரு டாக்டர் உருவாகிவிட்டார்.

"உக்காந்து உக்காந்தே புள்ளைய மக்காக்கிடாதடி" என்று, விடிந்ததும் என்னைக் கோட்டை அடிவாரம் வரை நடக்க அனுப்புவார். கூட வரமாட்டார், கடை இருக்கிறதே! நான் மட்டும் சளைத்தவளா? கலெக்டரைப் பெறப்போகும் மிதப்பில் கலெக்டர் மாதிரியே நடந்தேன்.

கவலைக்கு அவர் செய்த ஏற்பாடுதான் எனக்குத் தெரியாது. வழியிலிருந்த எல்லோரிடமும், என் காதில் கெட்ட சேதி எதுவும் விழக்கூடாது என்று உத்தரவு போட்டிருந்தார். பூக்காரி கன்னியம்மாள் ஒரு சாவும் ஒரு அடிதடியும் சொல்லாமல் பூ முழம் போட்டதே இல்லை. அவள் அன்று பல்லைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"இன்னா சேதி கன்னிம்மா?"

"ஒண்ணுமில்லம்மா. அல்லாரும் நல்லா கீறாங்க. உங்க நைனாகூட நல்லாத்தான் கீறாரு."

அவலூர்பேட்டையில் இருக்கும் என் நைனாவைப் பற்றி இவளை யார் கேட்டது? தையல்காரரும் சிரித்தார், டீக்கடைக்காரரும் சிரித்தார். எனக்குப் புரிந்துவிட்டது. நைனா போய்விட்டார், என்னிடம் மறைக்கிறார்கள்! பூவுக்கு வைத்திருந்த காசில் அப்படியே பஸ் ஏறிவிட்டேன். (கண்டக்டர்கூட அனுதாபமாகப் பார்த்த மாதிரிதான் இருந்தது.)

எங்கள் பக்கத்தில் சாவு வீட்டுக்குப் போகிறவள் தெருமுனையிலேயே அழ ஆரம்பிக்க வேண்டும். முறை தவறக்கூடாதே என்று மார்பில் அடித்துக்கொண்டு, "என்னப் பெத்த நைனா!" என்று எடுத்தேன். தெருப் பெண்கள் ஓடிவந்தார்கள். ஒருத்தியாவது யார் செத்தது என்று கேட்க வேண்டுமே! அழுகிறவளைக் கட்டிக்கொண்டு அழுவதுதானே முறை? என்னைச் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரியே வைத்துவிட்டார்கள். நைனாவின் தாராள குணத்தை ஒருத்தி பாடியபோதுதான் எனக்கே கொஞ்சம் இடித்தது.

முகமெல்லாம் சவர சோப்போடு நைனா வாசலுக்கு வந்தார். "யாரும்மா பூட்டாங்க?"

"நீதான் நைனா" என்றேன்.

அத்தனை பேரும் அழுத கண்ணைத் துடைக்காமலே சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கட்டுரை சொன்னபடி பிள்ளையின் மூளையை நானே அடித்துக் கெடுத்துவிட்டேனோ என்று பயத்தில் செத்தேன். வயிற்றைத் தடவித் தடவிப் பார்த்தேன்; உள்ளிருந்து ஒரு உதை விழுந்த பிறகுதான் மூச்சு வந்தது.

மகள் பிறந்தாள். அவள் கணக்கில் நல்ல மார்க் வாங்கினால் என் கணவர், "நான் நடக்கவுட்டது" என்பார். தோற்றால், "அன்னிக்கு நீ அழுத அழுக" என்பார். அவள் பேரன் பேத்தி எடுத்த பிறகும் இதே தீர்ப்புதான்.

போன மாதம் அவள் மூக்குக்கண்ணாடியை எங்கோ வைத்துவிட்டுத் தேடினாள். கிழவர், "எல்லாம் அவலூர்பேட்டை அழுக..." என்று ஆரம்பித்தார்.

"அம்மா அழுததுல போனது கொஞ்சந்தான் நைனா" என்றாள் மகள். "பாதி மூள உங்ககிட்டருந்து வந்துச்சே, அதுக்கு யாரு எவ்ளோ நடந்து இன்னா பிரயோஜனம்?"